புள்ளிக்குப் பின்னால் இருப்பது யாருடைய பங்கு?

பி.எஸ்ஸி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு மாணவி

“சிறு துளி பெரு வெள்ளம்” என்பர் நம் முன்னோர். அந்தச் சிறு துளியைக் கணிப்பொறி எவ்வாறு நடத்துகின்றது, கணிப்பொறியை ஆட்டுவிக்கும் நாம் எவ்வாறு நடத்துகின்றோம் என்பது பற்றி என் உள்ளத்தில் எழுந்த சில கருத்துக்களை இவ்வாண்டு மலரின் வாயிலாக ஆசிரியப் பெருமக்கள் முன்னும் அன்பு மாணவ மாணவியர் முன்னும் வைக்க விரும்புகின்றேன்.

நான் சொல்லப் போவது பெரிய ஆராய்ச்சி அன்று. முதலாம் ஆண்டில் நாம் ரிக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய ஒரு சின்னஞ்சிறு நிரலைப் பற்றியதுதான். “ஒரு தசம எண்ணை உள்ளீடாகப் பெற்று, அதன் முழு எண் பகுதியையும் பின்னப் பகுதியையும் தனித்தனியே அச்சிடுக” என்பது கேள்வி. சி மொழியில் ஏழெட்டு வரிகள். எண்ணை ‘இன்ட்’ என்னும் முழு எண் வகைக்கு மாற்றினால் புள்ளிக்கு முன்னால் உள்ளது கிடைக்கும். மூல எண்ணிலிருந்து அதைக் கழித்தால் புள்ளிக்குப் பின்னால் உள்ளது கிடைக்கும். செய்முறைத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் நாம் எல்லாரும் மகிழ்கின்றோம். ஏனெனில் இதில் தவறு செய்ய வழியே இல்லை என்று எண்ணுகின்றோம். நானும் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன், என் அப்பாயி என்னை ஒரு கேள்வி கேட்கும் வரையில்.

வீட்டில் நடந்தது

நான் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தைச் சேர்ந்தவள். நாள்தோறும் அங்கிருந்து அரியலூருக்குப் பேருந்தில் வந்து படிக்கின்றேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான்தான். வீட்டில் இரண்டு மாடுகள் உண்டு. காலையும் மாலையும் பாலைக் கறந்து, எங்கள் தெருவில் பால் எடுப்பவரிடம் ஊற்றுவோம். அவர் எனக்குச் சித்தப்பா முறை. நாணயமான மனிதர். தராசு காட்டும் எண்ணை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார்.

சென்ற விடுமுறையில் அவர் என்னிடம், “ஏம்மா, நீ கம்ப்யூட்டருதானே படிக்கிற? இந்தக் கணக்க அதுல போட்டுக் குடேன், ராத்திரியெல்லாம் கூட்டிக் கூட்டிக் கண்ணு எரியுது” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணனுக்கு மேல்நிலைப் பள்ளியில் அரசு கொடுத்த பழைய மடிக்கணினி வீட்டில் கிடந்தது. அதில் இரண்டே நாளில் ஒரு நிரல் எழுதிக் கொடுத்தேன். தராசின் எண்ணைத் தட்டினால் முழு லிட்டர் இவ்வளவு, மீதி இவ்வளவு, தொகை இவ்வளவு என்று திரையில் தோன்றும். அதைப் பார்த்து அவர் சீட்டு எழுதிக் கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் 4.5, 5.25, 3.75 ஆகிய எண்களை இட்டுச் சோதித்தேன். எல்லாம் சரியாக வந்தன.

ஒரு வாரம் கழிந்திருக்கும். என் அப்பாயிக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் எண் தெரியும். ஒருநாள் காலை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏம் பாப்பா, தராசுல நாலு புள்ளி முப்பத்தஞ்சுன்னு செவப்பா எரிஞ்சுது. எங் கண்ணால பார்த்தேன். சீட்டுல முப்பத்தினாலுன்னு போட்டிருக்கே, அந்த ஒண்ணு எங்க போச்சு?” என்று கேட்டார்.

சித்தப்பா தவறாக எழுதிவிட்டார் என்றே நினைத்தேன். மடிக்கணினியைத் திறந்து 4.35 என்று நானே தட்டினேன். திரையில் ‘4 லிட்டர் 34’ என்று வந்தது. மீண்டும் தட்டினேன். மீண்டும் 34. நோட்டில் எழுதியவரை நேர்மையாக இருந்த கணக்கு, என் நிரலுக்கு வந்ததும் பொய்யாகிவிட்டது. என் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நண்பர்களே உணர்ந்துகொள்ளலாம்.

கணிப்பொறி ஏன் அப்படிச் செய்தது?

கல்லூரி திறந்ததும் எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் விடையைச் சொல்லவில்லை. “அந்த எண்ணைப் புள்ளிக்குப் பின் பதினேழு இலக்கம் வரை அச்சிட்டுப் பார், பிறகு வா” என்றார். 4.35 இலிருந்து 4 ஐக் கழித்துப் பதினேழு இலக்கம் அச்சிட்டேன். 0.35 வரவில்லை. 0.34999999999999964 என்று வந்தது. அதை நூறால் பெருக்கினால் முப்பத்தைந்துக்கு மயிரிழை குறைவு. அதனை ‘இன்ட்’ ஆக்கியதும் கணிப்பொறி புள்ளிக்குப் பின்னால் உள்ளதை எல்லாம் ஒரே வெட்டாக வெட்டி எறிந்தது. எஞ்சியது 34.

0.35 ஏன் 0.35 ஆக இல்லை? இதற்கு விடை நம் பழைய அளவைகளிலேயே இருக்கின்றது என்பதுதான் எனக்குப் பெரும் வியப்பு. ஒரு படியில் பாதி உரி. உரியில் பாதி உழக்கு. உழக்கில் பாதி ஆழாக்கு. இவ்வாறு பாதி பாதியாகப் போவது ஒருவகைக் கணக்கு. கணிப்பொறிக்குத் தெரிந்த பின்னக் கணக்கும் இது ஒன்றே. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று இரண்டால் வகுத்துக்கொண்டே போகும். சி மொழியில் ‘டபுள்’ என்று நாம் எழுதும் மிதவைப் புள்ளி எண்ணுக்கு இன்று நாம் பயன்படுத்தும் கணிப்பொறிகளில் 64 பிட்டுகள் இடம் உண்டு. குறிக்கு 1, அடுக்குக்கு 11, பின்னத்துக்கு 52 எனப் பிரித்து வைத்திருக்கின்றார்கள். 1985இல் வகுக்கப்பட்ட ஐ.இ.இ.இ. 754 என்னும் பொதுவிதியில் உள்ள முறை இது.

இந்தப் பாதிகளை எப்படிக் கூட்டினாலும் சரியாகப் பத்தில் ஒன்று வராது. மூன்றில் ஒன்றை நாம் 0.333... என்று முடிவில்லாமல் எழுதுவது போல, பத்தில் ஒன்றைக் கணிப்பொறி முடிவில்லாமல் எழுத வேண்டியிருக்கின்றது. இடம் தீர்ந்ததும் நிறுத்திக்கொள்கின்றது. அதனால்தான் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் அதற்கு 0.30000000000000004 வருகின்றது.

நம் முன்னோர் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளவில்லை. பாதிக் கணக்கோடு அவர்கள் நிற்கவில்லை. இருபதில் ஒன்றுக்கு ‘மா’ என்று பெயர் வைத்தார்கள். எண்பதில் ஒன்று காணி. முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. ஆண்டிமடம் பக்கத்து நண்பர்களுக்கு முந்திரி என்றால் தோப்புத்தான் நினைவுக்கு வரும். ஆனால் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்த பிள்ளைக்கு அது ஒரு பின்னத்தின் பெயர். இருபது மா கொண்டது ஒரு வேலி நிலம். சோழர் காலக் கல்வெட்டுக்களில் நிலம் இந்தப் பின்னங்களால்தான் துல்லியமாக எழுதப்பட்டது. இராசேந்திர சோழன் தலைநகர் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம் நம் அரியலூர் மாவட்டத்தில்தானே இருக்கின்றது! என் அப்பாயி ஊற்றிய 4.35 லிட்டரை அந்தக் கணக்கர்களிடம் கொடுத்திருந்தால், நாலேகாலும் இருமாவும் என்று ஒரு துளி சிந்தாமல் எழுதியிருப்பார்கள். இந்தத் தமிழ்ப் பின்னக் குறிகளுக்கு 2019இல் யூனிகோடு எழுத்துத் தொகுப்பிலும் இடம் கிடைத்துவிட்டது. குறி கிடைத்துவிட்டது; ஆனால் ‘டபுள்’ வகைக்குள் மா இன்றும் சரியாக அடங்கவில்லை.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நான் சோதித்துப் பார்த்த 4.5, 5.25, 3.75 ஆகிய மூன்றும் அரை, கால், முக்கால்! கணிப்பொறி எள்ளளவும் பிசகாமல் வைத்துக்கொள்ளும் எண்களை மட்டுமே தேர்ந்தெடுத்துச் சோதித்திருக்கின்றேன். நம் ரிக்கார்டு நோட்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மாதிரி உள்ளீடு பெரும்பாலும் 3.5 அல்லது 12.75 ஆக இருக்கும். பழைய அணாக் கணக்காக இருந்தாலும் நாம் தப்பியிருப்போம். ரூபாயில் பதினாறில் ஒன்று கணிப்பொறிக்குப் பிடித்த பின்னம். ஆனால் 1957 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நம் ரூபாய்க்கு நூறு பைசா. நூறு பைசாக் கணக்கில் கால், அரை, முக்கால் போக மற்றப் பைசாக்கள் ஒன்றுகூட ‘டபுள்’ எண்ணில் சரியாக அடங்கா.

வெட்டுவது வேறு, பிரிப்பது வேறு

எண்ணை ‘இன்ட்’ ஆக மாற்றுவதை நாம் ‘பிரித்தல்’ என்கின்றோம். அது பிரித்தல் அன்று, வெட்டுதல். ஒரு துண்டை வைத்துக்கொண்டு மறு துண்டை எறிந்துவிடுவது. எறிந்ததைப் பிறகு கழித்தல் போட்டுத் தேடுகின்றோம்.

உண்மையாகவே பிரித்துத் தருவதற்குச் சி மொழியின் கணித நூலகத்தில் ‘மோட்எஃப்’ என்றொரு ஃபங்ஷன் இருக்கின்றது. ஓர் எண்ணைக் கொடுத்தால் பின்னப் பகுதியை விடையாகத் திருப்பித் தரும். முழுப் பகுதியை நாம் சுட்டிய இடத்தில் வைத்துவிடும். இரண்டையும் கூட்டினால் கொடுத்த எண் அப்படியே வரும். 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர் மாவட்டம். அதிலிருந்து 2001இல் அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் சேர்ந்தது. 2007 நவம்பர் 23இல் மறுபடியும் பிரிந்தது. இத்தனை முறை பிரித்தும் சேர்த்தும் செந்துறையோ வேப்பந்தட்டையோ கணக்கில் விட்டுப்போகவில்லை. இந்தப் பக்கம் இல்லாத ஊர் அந்தப் பக்கம் இருந்தது. பிரித்தல் என்றால் அதுதான்.

வெட்டுவதில் வேறு இரண்டு ஆபத்துக்களும் உண்டு. முதலாவது, கழித்தல் குறி. மாட்டுத் தீவனத்துக்காக முன்பணம் வாங்கிய வீட்டின் கணக்கு மைனஸ் 0.75 ரூபாயில் நிற்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதாவது அவர்கள் முக்கால் ரூபாய் தர வேண்டும். இதனை ‘இன்ட்’ ஆக வெட்டினால் வருவது வெறும் சுழியம், குறி போய்விட்டது. நிரல் எழுதியவர் பின்னப் பகுதியின் குறியையும் கவனிக்காமல் அச்சிட்டால், கடன் 75 பைசா என்பது வரவு 75 பைசா ஆகிவிடும். ‘ஃப்ளோர்’ என்னும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினாலோ மைனஸ் 2.75 என்பது மைனஸ் 3 ஆகக் கீழே இறங்கும். ‘மோட்எஃப்’ இரண்டு பகுதிக்கும் மூல எண்ணின் குறியையே வைக்கின்றது. முழுப் பகுதி சுழியமாக இருந்தாலும் அந்தச் சுழியமும் கழித்தல் குறியோடு வரும்.

இரண்டாவது, இடம் போதாமை. 32 பிட்டு ‘இன்ட்’ வகையில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. அதற்கு மேற்பட்ட தசம எண்ணை அதனுள் திணித்தால் என்ன வரும் என்பதற்குச் சி மொழியின் விதிநூல் எந்த உறுதியும் தரவில்லை. ‘மோட்எஃப்’ முழுப் பகுதியையும் ‘டபுள்’ ஆகவே வைப்பதால் இந்த நெருக்கடி அங்கே இல்லை. இது வெறும் ஏட்டுக் கவலை அன்று. 1996 சூன் 4ஆம் நாள் ஐரோப்பியரின் ஏரியேன் 5 ராக்கெட் தன் முதற் பயணத்தில் ஒரு நிமிடங்கூடப் பறக்காமல் வெடித்துச் சிதறியது. 64 பிட்டு மிதவைப் புள்ளி எண் ஒன்றை 16 பிட்டு முழு எண்ணாக மாற்ற முயன்று, அது அடங்காமற் போனதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த நிரல் சி மொழியில் எழுதப்பட்டதன்று. ஆனால் செய்த காரியம் நம் ரிக்கார்டு நோட்டில் உள்ள அதே காரியந்தான்.

துளி வெள்ளமான கதைகள்

கனடா நாட்டில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 சனவரியில் ஒரு புதிய குறியீட்டெண்ணை 1000 என்று தொடங்கியது. ஒவ்வொரு வணிகத்துக்குப் பின்னும் கணிப்பொறி அதனைத் திருத்தி, புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டியது. ஒரு நாளில் இரண்டாயிரம் தடவைக்கு மேல் இந்த வெட்டு நடந்தது. 1983 நவம்பரில் குறியீட்டெண் ஏறத்தாழ 524 என்று காட்டியது. சந்தை நன்றாக நடக்கும்போது எண் மட்டும் ஏன் சரிகின்றது என்று ஆராய்ந்து, முறையாகக் கணக்கிட்டபோது வந்த எண் ஏறத்தாழ 1098. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான துணுக்குகள் சேர்ந்து பாதிக்கு மேல் விழுங்கிவிட்டன.

இன்னொன்று உயிரைக் குடித்த கதை. 1991 பிப்ரவரி 25ஆம் நாள் சவுதி அரேபியாவின் தஹ்ரான் நகரில் அமெரிக்கப் படையினர் தங்கியிருந்த இடத்தில் ஓர் ஏவுகணை விழுந்து 28 பேர் மாண்டனர். அதனைத் தடுக்க வேண்டிய பேட்ரியாட் என்னும் பாதுகாப்புப் பொறி காலத்தைப் பத்தில் ஒரு நொடி, பத்தில் ஒரு நொடியாக எண்ணிக்கொண்டிருந்தது. அந்தப் பத்தில் ஒன்று 24 பிட்டுகளுக்குள் வெட்டி வைக்கப்பட்டிருந்தது. சுமார் நூறு மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் பிழை ஏறத்தாழ 0.34 நொடியாக வளர்ந்தது. அந்நேரத்தில் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் கடந்துவிடும். பொறி தவறான இடத்தில் தேடியது.

எங்கள் தெருப் பால் கணக்கையும் இவற்றையும் ஒப்பிடுவதா என்று சிலர் சிரிக்கக் கூடும். அளவில் ஒப்பில்லைதான். ஆனால் பிழையின் வேர் ஒன்று.

ஒரு பைசாவுக்கு இவ்வளவு பேச்சா?

இந்தக் கேள்வியை என் வகுப்புத் தோழியரே கேட்டார்கள். “25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 சூன் 30 உடன் செல்லாமற் போய்விட்டன. இனிப் பைசாவைப் பார்ப்பானேன்?” என்பது ஒரு வாதம். “கணிப்பொறியின் பிழை பதினாறாவது இலக்கத்தில் அல்லவா இருக்கின்றது? அது தூசியிலும் தூசி” என்பது மற்றொரு வாதம்.

இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கின்றேன். பிழை தூசிதான். ஆனால் வெட்டு அந்தத் தூசியைக் கல்லாக்கிவிடுகின்றது. 0.34999999999999964 க்கும் 0.35 க்கும் உள்ள இடைவெளி ஒன்றுமில்லை. வெட்டியதும் அது பத்து மில்லிலிட்டர் பாலாகிவிட்டது. வரப்பின் ஓரத்தில் நிற்பவனுக்கு ஒரு விரற்கடைச் சறுக்கல் போதும், கிணற்றுக்குள் விழுந்துவிடுவான்.

இனி முதல் வாதம். கணக்கு எளிமைக்காக லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4.35 லிட்டருக்கு 152 ரூபாய் 25 பைசா வர வேண்டும். என் நிரல் 4.34 லிட்டர் என்று எடுத்து, 151 ரூபாய் 90 பைசா என்று கணக்கிட்டு, பைசாவையும் வெட்டி 151 என்று காட்டியது. ஒரு வேளைக்கு ஒன்றேகால் ரூபாய் போயிற்று. எல்லாச் சீட்டிலும் இவ்வளவு போகாது; பைசாவை மட்டும் வெட்டினால் சராசரியாக அரை ரூபாய் போகும். நாற்பது வீடுகள், நாளைக்கு இரண்டு வேளை, முப்பது நாள் என்றால் 2400 சீட்டுகள். மாதம் 1200 ரூபாய். யாரும் திருடவில்லை. ஆனாலும் நாற்பது வீட்டுக் காசு போய்விடுகின்றது. போவது எப்போதும் ஒரே பக்கமாக, பால் ஊற்றியவரிடமிருந்தே போகின்றது. வெட்டுக்கு ஒரு பக்கந்தான் உண்டு. அதுவே எனக்குக் கவலை.

முழுமையாக்குதல் வேறு. அரைக்கு மேற்பட்டதை மேலே ஏற்றி, குறைந்ததைக் கீழே இறக்கினால் இழப்பும் வரவும் ஏறத்தாழச் சமமாகும். 2017ஆம் ஆண்டின் மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 170ஆம் பிரிவும் அவ்வாறே சொல்கின்றது: 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஒரு ரூபாயாக்குக, குறைந்தால் விட்டுவிடுக. அரசு தன் வரிக்கே ஒரு நியாயம் வகுத்திருக்கும்போது, ஏழையின் பாலுக்கு நாம் வகுக்க வேண்டாவா?

அப்பாயி சொன்ன தீர்வு

‘மோட்எஃப்’ ஒன்றே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அது நேர்மையாகப் பிரிக்கும். ஆனால் உள்ளே இருப்பதைத்தான் பிரிக்கும். 4.35 ஐக் கொடுத்தால் அதுவும் 0.34999999999999964 ஐத்தான் தரும். பானையில் இல்லாதது அகப்பையில் எப்படி வரும்?

இதை நான் அப்பாயியிடம் எனக்குத் தெரிந்த வகையில் விளக்கிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “கூலிக்கு வரகு அளந்த காலத்துல, படியில அளந்தா தலை தட்டிருவாங்க பாப்பா. தட்டுனது களத்துக்காரரு குமிக்குப் போயிரும். அதனால எங்க ஆத்தா ஆழாக்குலயே அளந்து போடுங்கன்னு நிக்கும். ஆழாக்க எண்ணிட்டா எங்கயும் கொறையாது.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ‘இன்ட்’ ஆக மாற்றுவதற்கு இதைவிட நல்ல தமிழ்ப் பெயர் உண்டா? தலை தட்டுதல்! அதற்கு மாற்றும் அதிலேயே இருக்கின்றது. மிகச் சிறிய அளவையை எடுத்துக்கொள், முழு எண்ணாக எண்ணு.

என் நிரலைத் திருத்தி எழுதினேன். தராசின் எண் உள்ளே வந்தவுடன் நூறால் பெருக்கி, வெட்டாமல் ‘எல்ரவுண்ட்’ என்னும் ஃபங்ஷனால் அருகில் உள்ள முழு எண்ணாக்கினேன். 435 என்று வந்தது. அதற்குப் பிறகு மிதவைப் புள்ளியே இல்லை. லிட்டரின் விலை 3500 பைசா. 435 ஐ 3500 ஆல் பெருக்கி நூறால் வகுத்தால் 15225 பைசா. சீட்டில் எழுதும்போது மட்டும் நூறால் வகுத்த ஈவு ரூபாய், மீதி பைசா: 152 ரூபாய் 25 பைசா. பைசாவை ஒவ்வொரு வேளையும் தள்ளாமல் அடுத்த வேளைக்குக் கொண்டுபோய், பணம் கொடுக்கும் நாளில் ஒரே ஒரு முறை முழுமையாக்கச் செய்தேன். முதல் வாரத்துச் சீட்டுகளைச் சித்தப்பாவின் பழைய நோட்டோடு சரிபார்த்து, குறைந்த தொகையை அவர் எல்லா வீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். “தப்பு எம்மேல இல்ல, உம்மேலயும் இல்ல, ஆனா காசு அவங்களுது” என்றார். எனக்கோ, தவறு என்மேல்தான் என்று தெரியும்.

நாம் செய்ய வேண்டுவன

ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவான வேண்டுகோள் ஒன்று. இந்தக் கேள்வியை எங்களுக்கு இன்னும் கொஞ்சம் கடினமாகக் கொடுங்கள். மாதிரி உள்ளீடாக 4.35 ஐயும், மைனஸ் 0.75 ஐயும், முந்நூறு கோடியையும் கொடுங்கள். விடை தவறி வரட்டும். ஏன் தவறியது என்று நாங்கள் எழுதும் அரைப் பக்கத்துக்கு மதிப்பெண் போடுங்கள். சரியாக வந்த நிரலிலிருந்து நான் கற்றதைவிட, தவறி வந்த அந்த 34 இலிருந்து கற்றது அதிகம்.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று சொல்வேன். பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் எடைக்கு வருகின்றன. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக் கல்லும் சிமெண்டும் எடைக்கு வருகின்றன. நம் அப்பாக்களும் அண்ணன்மார்களும் எடுத்துப்போய் நிற்கும் இடங்களில் எல்லாம் தராசுக்குப் பின்னால் இன்று ஒரு நிரல் ஓடுகின்றது. தராசுக்கு அரசு முத்திரை வைக்கின்றது. நான் எழுதிய நிரலுக்கு எவரும் முத்திரை வைத்துப் பார்க்கவில்லை. எழுத்துத் தெரியாத என் அப்பாயி ஒருவர்தான் பார்த்தார். நாளை நாம் எழுதப்போகும் நிரல்களுக்கு முன்னால் ஓர் அப்பாயி நின்றுகொண்டிருப்பார் என்று உறுதியில்லை. எனவே அவர் கேட்ட கேள்வியை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காசையும் எடையையும் ‘டபுள்’ ஆக வைக்காதீர்கள். பைசாவாகவும் கிராமாகவும் எண்ணுங்கள். தசம எண்ணைப் பிரிக்க வேண்டிய இடத்தில் பிரியுங்கள், தலை தட்டாதீர்கள். முழுமையாக்க வேண்டியிருந்தால் கடைசியில் ஒரு முறை, எல்லாரும் அறிந்த விதிப்படி செய்யுங்கள். சீட்டில் இரண்டு பகுதியையும் காட்டுங்கள். புள்ளிக்கு முன்னால் இருப்பதை யாரும் மறப்பதில்லை. புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் காப்பாற்றத்தான் படித்தவர்கள் வேண்டும்.

விடியற்காலையில் எழுந்து மாடு கறக்கும் ஒரு வீட்டிலிருந்து நான் கல்லூரிக்கு வந்தேன். என்னைப் படிக்க அனுப்பியதும் அந்தப் பால்தான். அதில் பத்து மில்லியை என் கையாலேயே தொலைத்தேன் என்பதை மறைக்காமல் இங்கே எழுதியிருக்கின்றேன். என்னைப் போன்ற வீடுகளிலிருந்து வந்திருக்கும் தோழர்களும் தோழியரும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் ரிக்கார்டு நோட்டில் அந்தப் பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்து, 4.35 என்று தட்டிப் பார்த்தால் நான் எழுதியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.